தொடையோடு நின்றுபோன ஸ்கேன்

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தினமும் பத்துப் பேருடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டாவது என் மிஷினில் ஓடும். காப்பி எடுத்து, பின் அடித்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததே கிடையாது. அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் உருவாகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய், வந்த பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குள் அவளுடைய இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த ஸ்கேன் உடம்பில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை, எனக்கு யாரும் காட்டவும் இல்லை. இதே நோயோடு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கப்போகிற ஒருவருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் சமைத்தவள். சோற்று அண்டாவைத் தூக்கித் தூக்கி இறக்கிய உடம்பு. அதனால் 2022 நவம்பரில் இடுப்பு வலி என்று அவள் உட்கார்ந்தபோது எங்கள் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. அவளுக்கே வரவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "தேய்மானம்தான், இந்த வயசுல இருக்கிறதுதான்" என்றார். பெல்ட், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, டைக்ளோஃபெனாக் கொடுத்தார். டைக்ளோஃபெனாக் போட்டால் நாலு மணி நேரம் வலி அடங்கும். சீட்டில் எழுதியிருந்தது பத்து நாளைக்கு. அது முடிந்த பிறகும் மெடிக்கலில் நானே அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்தேன், ஏறக்குறைய நாலு மாதம். மைலோமாவில் அந்த நோயின் புரதமே கிட்னியை அடைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இந்த மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி இன்னும் வேகமாகப் படுத்துவிடும். பிறகு தெரிந்தபோது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அம்மாவுக்கு 2.1 ஆக ஏறியிருந்தது. இன்றைக்கும் அந்த மெடிக்கலைத் தாண்டிப் போகும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லையே" என்ற வார்த்தையிலேயே ஐந்து மாதம் போனது. எக்ஸ்ரேயில் ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், அந்த இடத்து எலும்புச் சத்தில் குறைந்தது 30 சதவீதமாவது கரைந்து போயிருக்க வேண்டும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு போன்ற இடங்களில் குடல், காற்று எல்லாம் மறைத்துக்கொள்வதால் இன்னும் கஷ்டம். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் முதுகு வலி நீடிக்கிறது, படுத்தாலும் தீரவில்லை, கூடவே சோர்வும் வெளுப்பும் இருக்கிறது என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் பாருங்கள்.

2023 மார்ச்சில் ஒரு நாள் காலையில் அரை வாளித் தண்ணீரைக் குனிந்து தூக்கினாள். "அய்யோ" என்று ஒரு சத்தம்தான். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை எக்ஸ்ரேயில் இடுப்புப் பக்கத்து முதல் முதுகெலும்பு நசுங்கியிருந்தது. வேறு எங்கிருந்தாவது புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்குமோ என்று பார்க்கலாம், மதுரைக்குப் போய் போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். வாடகைக் கார் 2,800 ரூபாய், ஸ்கேன் 4,800 ரூபாய். ஊசி போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்து, பிறகு படம் எடுத்தார்கள். நசுங்கிய எலும்பு மட்டும் லேசாகத் தெரிகிறது, அது முறிவினால் இருக்கலாம், மற்ற இடங்களில் பரவலுக்கு அடையாளம் இல்லை என்று ரிப்போர்ட். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வாரமே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு எலும்பு பலவீனம் என்று ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து இரண்டு மாதம் நாங்கள் எதையும் தேடவில்லை.

அந்த இரண்டு மாதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போன் ஸ்கேன் காட்டுவது எலும்பு புதிதாக வளர்கிற இடத்தை. மார்பகப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய் எல்லாம் எலும்புக்குப் பரவும்போது சுற்றியுள்ள எலும்பு எதிர்த்து வளரப் பார்க்கும், அந்த இடம் பளிச்சென்று தெரியும். மைலோமா அப்படிச் செய்யாது. எலும்பைத் தின்கிற செல்களை முடுக்கிவிட்டு, எலும்பைக் கட்டுகிற செல்களின் வாயை அடைத்துவிடும். ஓட்டை இருக்கும், ஆனால் அங்கே கட்டுமான வேலை நடக்காததால் போன் ஸ்கேனில் பல சமயம் இருட்டாகவே தெரியும். அதனால் மைலோமாவா என்று பார்க்க இது சரியான ஸ்கேனே இல்லை. எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் மனதில் மைலோமா இல்லை, அவர் பரவலைத் தேடினார். நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "சார், எந்த நோயைத் தேடுறீங்க, இதுல தெரியாத நோய் ஏதாவது இருக்கா?" இப்போது எந்த ஸ்கேனுக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டதற்காக இதுவரை எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டதில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருக்கோடியில் காய்ச்சலுக்குப் பார்க்கிற பொது மருத்துவர். மே கடைசியில் அம்மாவுக்குப் படியேற முடியவில்லை, மூச்சு வாங்கியது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. உடம்பில் அழற்சியைக் காட்டுகிற ஈஎஸ்ஆர் 130. அவர் இன்னொரு எண்ணின் மேல் பேனாவால் வட்டம் போட்டார். மொத்தப் புரதம் 10.4, அதில் ஆல்புமின் 3.3, மீதி 7.1 முழுக்க குளோபுலின். "ஆல்புமின்தான் எப்பவும் கூட இருக்கணும், இங்க தலைகீழா இருக்கு. தம்பி, இது எலும்பு டாக்டர் வேலை இல்ல, ரத்த டாக்டரப் பாருங்க" என்றார். பிப்ரவரியில் எடுத்த ஒரு லிவர் டெஸ்ட் ரிப்போர்ட் வீட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது. லேப்காரர்கள் தடித்த எழுத்தில் அச்சடித்தும் இருந்தார்கள். என் கடை மிஷினிலேயே மூன்று காப்பி எடுத்த தாள் அது.

ரத்த டாக்டர், மைலோமாவின் புரதத்தைத் தேடுகிற எலெக்ட்ரோபோரேசிஸ், லைட் செயின் டெஸ்ட், பிறகு மஜ்ஜை டெஸ்ட் எல்லாம் எழுதினார். மஜ்ஜையில் 48 சதவீதம் பிளாஸ்மா செல்கள், மைலோமாவில் புற்றாக மாறுகிற செல்கள் அவைதான். மைலோமா உறுதியாயிற்று. எலும்பில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க பெட் சிடி எடுக்கச் சொன்னார். கிட்னி காரணமாக ஸ்டீராய்டு உடனே தொடங்க வேண்டும், ஆனால் ஸ்டீராய்டு போட்ட பிறகு எடுத்தால் நோய் இருக்கிற இடமும் மங்கிப்போய் ஏமாற்றும், அதனால் நாளைக்கே ஸ்கேனை முடித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். இந்த அவசரத்தில்தான் என்னுடைய அடுத்த தவறு நடந்தது.

ஸ்கேன் சென்டரில் போனில், "வெறும் வயித்தோட ஆறு மணி நேரம், தண்ணி மட்டும் குடிக்கலாம்" என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சாப்பிடவில்லையே, சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிடுவாளே என்று பயந்து முந்தின ராத்திரியே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன். போகிற வழியில் வாடிப்பட்டி தாண்டி அவள் வாய் வறளுதென்று சொன்னபோது இளநீர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், தண்ணீர்தானே என்று. ஊசி போடுமுன் விரலில் குத்திப் பார்த்தார்கள். 238. "இருநூறுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம், திரும்ப அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பெட் ஸ்கேனில் ஏற்றுகிற மருந்தே கதிரியக்கம் கலந்த ஒரு வகைச் சர்க்கரைதான். புற்றுச் செல்கள் சர்க்கரையைப் பேராசையோடு இழுக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் போட்டி வந்து படம் கெட்டுவிடும். அடுத்த தேதி ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. கார்க் காசு போனதைவிட, அந்த ஆறு நாளும் கிட்னிக்கான சிகிச்சை தள்ளிப்போனதுதான் எனக்கு வலித்தது. சர்க்கரை நோயாளி என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரை, இன்சுலின் எதை எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடமும் சென்டரிலும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாமாக முடிவு செய்யக் கூடாது. இளநீர், மோர், மிட்டாய், குளுக்கோஸ் எதுவும் கூடாது. முந்தின நாள் ராத்திரி சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அதிகம் நடக்கவும் வேண்டாம், தசை உழைத்தால் தசையும் அந்தச் சர்க்கரையை இழுக்கும்.

இரண்டாவது முறை சர்க்கரை 152. ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்கச் சொல்லித் தனி அறையில் வைத்தார்கள். உள்ளே யாரும் கூட இருக்கக் கூடாது. நசுங்கிய முதுகெலும்போடு அந்தக் குறுகலான மேசையில் மல்லாக்கப் படுப்பது எப்படிப்பட்ட வதை என்று கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தெரியவில்லை, வெளியே வந்த அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கிளம்புமுன்பே டாக்டரிடம் கேட்டு வலிக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்கச் சொல்லியிருந்தால்கூடப் பாதி வலி குறைந்திருக்கும், அடுத்த தடவை அப்படித்தான் செய்தோம். இடையில் ஒரு நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்து, படம் தெளிவாகத் தெரிய ஏற்றுகிற டை ஊசி போடச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார். நான் போட்டிருப்பேன். நல்ல வேளை, கிரியாட்டினின் எவ்வளவு என்று அவரே கேட்டார். போனில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டியதும் டை வேண்டாம் என்று அடித்துவிட்டார். எலும்பில் ஓட்டை பார்க்க டை தேவையே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிட்னி பாதிக்கப்பட்ட மைலோமாக்காரர்களுக்கு அது கெடுதலாகவும் முடியலாம். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலுக்கு வந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ராத்திரி டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டும்போதுதான் கர்ப்பிணிகள், குழந்தைகள் அருகில் போகக் கூடாது என்ற வரி கண்ணில் பட்டது. அன்றைக்கு நான் தூங்கவில்லை. காலையில் சென்டருக்கு போன் செய்து அழாத குறையாகக் கேட்டேன். அங்கிருந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்: அந்த மருந்தின் வீரியம் 110 நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகும், ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நாங்கள் ஊர் வந்து சேரும்போதே பெரும்பகுதி அடங்கியிருக்கும், கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்ததால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அன்று ராத்திரி வரை தள்ளி இருப்பதே நல்லது, நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். இதை ஊசி போடுமுன்பே சொல்லியிருந்தால் மனைவியை மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பெட் ரிப்போர்ட்டில் முதுகெலும்பு மூன்று இடம், விலா எலும்புகள், வலது இடுப்பெலும்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. அடுத்த வாரமே கீமோ தொடங்கியது. வயிற்றில் போடுகிற போர்டிசோமிப் ஊசி, லெனலிடமைடு மாத்திரை, டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு. ஊசிக்குப் போன இரண்டாவது தடவை அம்மா சொன்னாள், "ஐயா, தொடைக்குள்ள ஆணி வெச்சு நெம்புற மாதிரி இருக்குய்யா." வார்டில் சொன்னேன். "பெட் எடுத்தாச்சுல்ல, கால்ல ஒண்ணும் இல்லையே" என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இடது காலைத் தரையில் ஊன்றினாள். முறிந்த சத்தம் ஆட்டோ டிரைவருக்கும் கேட்டது.

ராடு வைத்து ஆபரேஷன் செய்த டாக்டர்தான் பழைய பெட் படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். படம் மண்டையோட்டின் அடிப்பகுதியில் தொடங்கி நடுத்தொடையோடு முடிந்திருந்தது. எலும்பு அரித்திருந்த இடம் அதற்கு நாலு விரல் கீழே. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து எடுத்ததால் மேல்கை எலும்பும் பாதிதான் பதிவாகியிருந்தது. மண்டையின் மேல்பகுதி இல்லவே இல்லை. நுரையீரல், குடல் போன்ற மற்றப் புற்றுநோய்களுக்கு வழக்கமாக அப்படித்தான் எடுப்பார்களாம், அதற்கு அது போதும். மைலோமா எந்த எலும்பிலும் உட்காரும். உச்சந்தலையிலிருந்து குறைந்தது முழங்காலுக்குக் கீழ் வரை, முடிந்தால் பாதம் வரை, கைகளும் சேர்த்து எடுக்க வேண்டும். எங்கள் சீட்டில் "பெட் சிடி, ஹோல் பாடி" என்று மட்டும் இருந்தது. ஹோல் பாடி என்றால் முழு உடம்பு என்றுதானே நானும் நினைத்தேன். அந்த வார்த்தை ஸ்கேன் அறையில் வேறு அர்த்தத்தில் ஓடுகிறது. காரணம் என்ற இடத்தில் மைலோமா என்ற பெயரையும் யாரும் எழுதியிருக்கவில்லை, மஜ்ஜை டெஸ்ட் ரிப்போர்ட்டை நானும் கொண்டுபோய்க் காட்டவில்லை. டெக்னீஷியன் தனக்குத் தெரிந்த வழக்கப்படி எடுத்திருக்கிறார்.

ஆகவே சீட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்: நோயின் பெயர் மைலோமா என்பது, உச்சந்தலை முதல் பாதம் வரை என்பது, இரண்டு கைகளும் சேர்த்து என்பது. மேசையில் படுக்க வைக்குமுன் டெக்னீஷியனிடம் வாயாலும் ஒரு தடவை சொல்லுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் படிக்க வேண்டியது எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எடுத்தார்கள் என்கிற வரி, முடிவுரை அதற்கப்புறம். அந்த எல்லைக்கு வெளியே வலி இருந்தால் "ஸ்கேனில் இல்லை" என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த இடத்துக்கு ஒரு எக்ஸ்ரேயாவது அன்றைக்கே கேளுங்கள். பாரம் தாங்குகிற எலும்பில் பெரிய ஓட்டை என்று முன்பே தெரிந்தால், உடையுமுன்பே ராடு வைத்துக் காப்பாற்ற வழி உண்டு. அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். அங்கிருந்த ரத்த டாக்டர் ஒரு பெண்மணி. அந்த டாக்டர் அம்மா என் பைலை முழுக்கப் புரட்டிவிட்டு, குறைந்த கதிர்வீச்சில் முழு உடம்புக்கும் ஒரு சிடி எடுக்கச் சொன்னார். 7,500 ரூபாய். பட்டினி இல்லை, ஊசி இல்லை, டை இல்லை, சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. படுத்து எழுந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிஷம்தான் ஆனது. மண்டையில் சிறுசிறு துளைகள், வலது மேல்கை எலும்பில் இரண்டு சென்டிமீட்டர் ஓட்டை என்று எல்லாம் தெரிந்தது. கைக்கும் தொடைக்கும் தலா ஒரு தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்தார்கள், வலி குறைந்தது. இவ்வளவு எளிதான ஸ்கேன் ஒன்று இருக்கும்போது ஏன் இத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று கேட்டேன். 2019இல் சர்வதேச மைலோமா செயற்குழுவே, ஓட்டை தேடுவதற்கு முதலில் இந்தக் குறைந்த கதிர்வீச்சு சிடியைத்தான் பரிந்துரைத்திருக்கிறது, பழைய எக்ஸ்ரே வரிசையை நம்ப வேண்டாம் என்றார். எல்லா சென்டரிலும் இந்த முறைக்கு மிஷினைச் செட் செய்து வைத்திருக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

அதிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் முழு உடம்பு எம்ஆர்ஐ. ஓட்டை விழுவதற்கு முன்பே மஜ்ஜைக்குள் நோய் கட்டியாக இருப்பதை அது காட்டிவிடும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத அப்படிப்பட்ட இடம் ஒன்றுக்கு மேல் இருந்தாலே சிகிச்சை தொடங்க வேண்டிய மைலோமா என்று 2014 முதல் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு கிடையாது, ஆனால் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் குழாய்க்குள் சத்தத்தோடு அசையாமல் கிடக்க வேண்டும், அம்மா நிலையில் அது முடியாது என்று எங்களுக்கு எழுதவில்லை. பெட் ஸ்கேனின் பலம் வேறு. சிகிச்சைக்குப் பிறகு எது உயிரோடு இருக்கிறது, எது அடங்கிவிட்டது என்று அது சொல்லும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மைலோமா அந்தச் சர்க்கரையைச் சரியாக இழுக்காது, அவர்களுக்கு பெட் சுத்தமாக வந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்றையும் அந்த டாக்டர் அம்மா அழுத்திச் சொன்னார். திடீரென்று இரண்டு கால்களும் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குப் போய் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம்.

பணத்தை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று எக்ஸ்ரேக்கு 2,600, போன் ஸ்கேனுக்கு 4,800, பெட்டுக்கு 17,500, சிடிக்கு 7,500. மொத்தம் 32,400 ரூபாய். நாலு தடவை காருக்கு 11,200. ஸ்கேன் என்ற பெயரில் மட்டும் 43,600 ரூபாய். சரியான ஸ்கேனை முதலிலேயே சரியாக எடுத்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது, கடை 47 நாள் பூட்டிக் கிடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது. ஆபரேஷனுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து, ஸ்கேனுக்கெல்லாம் கேட்காமலே காசைக் கட்டிவிட்டேன். சில பரிசோதனைகளும் அதில் வரும். பில் கவுண்டருக்குப் போகுமுன் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கிற மேசையில் கேளுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் அட்டை எடுத்துக்கொள்ளலாம். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையிலேயே பெட் சிடி இருக்கிறது என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. வேலூர், சென்னை என்று ரயிலில் போகிறவர்கள் புற்றுநோயாளிச் சலுகையை விட்டுவிடாதீர்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இருந்தால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழுக்க இலவசம், துணைக்குப் போகிறவருக்குக் கால் பங்குக் கட்டணம்.

பைல் விஷயத்தில் மட்டும் என் தொழில் எனக்கு உதவியது. ஸ்கேன் பிலிம்களை வெயிலில் காரிலோ அடுப்படி மேலோ வைத்தால் கறுத்துப்போகும். படங்கள் உள்ள டிஸ்க்கையோ பென் டிரைவையோ கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள், அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தொடை ஆபரேஷன் செய்த டாக்டர் படத்தை ஓட்டிக் காட்ட முடிந்ததே அந்த டிஸ்க் கையில் இருந்ததால்தான். தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர், கிரியாட்டினின், சர்க்கரை, உடம்பில் உள்ள ராடு, எந்த எலும்பில் எவ்வளவு பெரிய ஓட்டை என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

டிசம்பரில் மறுபடி சிடி எடுத்தபோது எல்லா ஓட்டையும் அப்படியே இருந்தது. அளவுகூட மாறவில்லை. ஆறு மாதக் கீமோ வீணாகிவிட்டதே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "கரையான் அரிச்ச கதவுல மருந்தடிச்சா கரையான் சாகும், ஓட்டை அடையுமா? ரத்தத்துல அந்தப் புரதம் இறங்கிடுச்சு பாருங்க." அந்தப் புரதத்தின் அளவைக் காட்டுகிற எம் பேண்ட் 4.9இலிருந்து 0.3க்கு வந்திருந்தது. கிரியாட்டினின் 1.2. எலும்பு ஓட்டைகள் பெரும்பாலும் அப்படியேதான் நிற்குமாம், மெதுவாக ஓரம் கெட்டிப்படுமே தவிர நிரம்பாது. சிடி ரிப்போர்ட்டில் "மாற்றமில்லை" என்று பார்த்துவிட்டு நான் அழுத மாதிரி அழாதீர்கள், ரத்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள்.

அந்த ஓட்டைகளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க 2024 பிப்ரவரியில் இன்னொரு பெட் எடுத்தோம், இந்த முறை அரசு மருத்துவமனையில், காப்பீட்டு அட்டையில். சீட்டில் மூன்று வரியும் இருந்தது. சர்க்கரை 138. முழங்காலுக்கடியில் தலையணை, கை இரண்டும் உடம்போடு. பாதம் வரைக்கும் எடுத்தார்கள். எங்கும் உயிர்ப்பு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது நாலு நாள் கழித்து. ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா தானாகவே வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பிள்ளைய உள்ளயே வெச்சுக்கங்க" என்றாள். பேத்திக்கு நாலு மாதம். அவள் அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா திண்ணையிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையில் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், மறுநாள் காலையில் அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தலையணை போட்டு, குழந்தையை மடியில் கிடத்தினோம்.